கிரேன் ஓட்டச் சான்றிதழ் மட்டும் போதுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

அமெரிக்கக் கட்டுமானத் தளங்களில் கிரேன் ஆபரேட்டருக்குப் பயிற்சி, சான்றிதழ், மதிப்பீடு ஆகிய மூன்றும் கட்டாயம். அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ‘ஓஷா’ இதற்கான விதிகளை 2010-ல் வெளியிட்டு, 2018-ல் திருத்தியது.

இவ்விதிகள் யாருக்குப் பொருந்தும்?

கட்டுமானப் பணியில் கிரேன் இயக்கும் அனைவருக்கும் பொருந்தும். டெரிக், சைடுபூம் வகைக் கிரேன்களுக்கும், 2,000 பவுண்டு (சுமார் 907 கிலோ) வரை மட்டுமே தூக்கக்கூடிய கருவிகளுக்கும் சான்றிதழ் தேவையில்லை. ஆனால், அவற்றை இயக்குவோருக்கும் பயிற்சி அளித்தே ஆக வேண்டும்.

சான்றிதழ் பெறுவதற்கான காலக்கெடு ஏன் இருமுறை மாறியது?

கிரேனின் வகையோடு, அது தூக்கும் திறனையும் குறிப்பிட்டே சான்றிதழ் வழங்க வேண்டும் என்பது 2010 விதி. வகையை மட்டும் குறிப்பிட்டுப் பலர் சான்றிதழ் பெற்றிருந்ததால் சிக்கல் எழுந்தது; 2014 நவம்பர் 10 என்ற கெடு 2017-க்கும், பிறகு 2018-க்கும் தள்ளிப்போனது. இரண்டில் எந்த முறையில் பெற்ற சான்றிதழும் செல்லும் என 2018 திருத்தம் தெளிவுபடுத்தியது.

சான்றிதழ் பெறுவது எப்படி? செலவு யாருடையது?

அங்கீகாரம் பெற்ற அமைப்பு நடத்தும் எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். சான்றிதழ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். விண்ணப்பதாரருக்குப் புரியும் எந்த மொழியிலும் தேர்வு நடத்தலாம். அந்த மொழி சான்றிதழில் குறிக்கப்படும். பணியாளரிடம் வசூலிக்காமல் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும்.

சான்றிதழ் இருக்கும்போது மதிப்பீடு எதற்கு?

சான்றிதழ் பொதுவான தகுதியைத்தான் காட்டும். குறிப்பிட்ட கிரேனை, குறிப்பிட்ட வேலையில் பாதுகாப்பாக இயக்க முடியுமா என்பதைக் காட்டாது. அதனால், போதிய அறிவும் அனுபவமும் உள்ள ஒருவரைக் கொண்டு நிறுவனம் ஆபரேட்டரை மதிப்பிட வேண்டும். இது 2019 பிப்ரவரி 7 முதல் நடைமுறையில் உள்ளது. ஆபரேட்டரின் பெயர், மதிப்பிட்டவரின் பெயரும் கையொப்பமும், தேதி, கிரேனின் தயாரிப்பு, மாடல், அமைப்பு ஆகியவற்றைப் பதிவு செய்து பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். உயிர்களைக் காப்பதில் இவ்விதிகளின் முக்கியமான பகுதி இதுவே.

பயிற்சியில் இருப்பவர் கிரேனை இயக்கலாமா?

தன் திறனுக்கு உட்பட்ட வேலைகளை, பயிற்சியாளரின் தொடர் கண்காணிப்பில் செய்யலாம். பயிற்சியாளர் மணிக்கு ஒருமுறை, அதிகபட்சம் 15 நிமிடம் மட்டுமே விலகியிருக்கலாம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியதையும் செய்யக்கூடாததையும் சொல்லிவிட்டே செல்ல வேண்டும். ஆட்களைத் தூக்குவதும், இரண்டு கிரேன்களால் ஒரே சுமையைத் தூக்குவதும் பயிற்சியில் இருப்பவருக்குத் தடை. 3.5 லட்சம் வோல்ட் வரையிலான மின்கம்பிக்கு 20 அடிக்குள்ளும், அதற்கு மேற்பட்ட மின்னழுத்தமுள்ள கம்பிக்கு 50 அடிக்குள்ளும் கிரேனோ சுமையோ நெருங்கக்கூடிய இடத்தில் அவர் கிரேனை இயக்கக் கூடாது.

வேலை மாறினால் என்ன ஆகும்?

அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழங்கிய சான்றிதழ் புதிய நிறுவனத்திலும் செல்லும். ஒரு நிறுவனம் தன் பணியாளர்களுக்கு மட்டும் நடத்தும் திட்டத்தின் சான்றிதழ் வேறு நிறுவனத்தில் செல்லாது. மதிப்பீட்டைப் புதிய நிறுவனம் தானே செய்ய வேண்டும். அதே நிறுவனத்தில் தொடர்பவராக இருந்தாலும், பெரிதும் மாறுபட்ட திறன் தேவைப்படும் வேறு கிரேனை ஒப்படைக்கும் முன் மீண்டும் மதிப்பிட வேண்டும்.