பாதத்தடியில் ஒரு மைக்

உஷ்! சத்தம் போடாம என் பின்னாடியே வாங்க. இந்தச் சக்கர நாற்காலியை நீங்களும் ஒரு கை தள்ளுங்க. முகத்தைக் கொஞ்சம் சோகமா வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது. வாசல்ல நிக்கிற காவலர் வழிவிட்டுடுவார். நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவருக்குக் கால் ரெண்டும் கல்லு மாதிரி திடமா இருக்குங்கிறது நமக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம். அவர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அடியிலதான் விஷயமே இருக்கு: நாகமிச்சி 550 என்கிற கனத்த கேசட் ரெக்கார்டர். கூடவே ஏகேஜி மைக் ரெண்டு.

தேதி 1977 ஜூன் 21. இடம், லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய இங்கில்வுட்டில் இருக்கும் ஃபோரம் அரங்கம். மேடையேறப் போவது லெட் செப்பலின் ராக் குழு. நாற்காலியில் இருப்பவர் மைக் மில்லார்ட். ஆமாம், பெயரே மைக்தான்! அன்றிரவு அவர் ஒளித்துப் பிடித்து வந்த கச்சேரி, ‘லிசன் டு திஸ், எடி’ என்ற பெயரில் கள்ளப்பதிப்பாக உலகம் சுற்றியது. இரண்டு நாள் கழித்து, 23ஆம் தேதி, ‘தி ஹூ’ குழுவின் டிரம்மர் கீத் மூன் அதே மேடைக்கு வந்து செப்பலினின் டிரம்மர் ஜான் பான்ஹாமோடு சேர்ந்து கொட்டித் தீர்த்தாரே, அதுவும் மில்லார்டின் நாடாவில் பத்திரமாக இருக்கிறது.

இந்த நாடாக்களைப் பெரும்பாலும் ரயிலில்தான் கேட்கிறேன். திருவாலங்காடு ஸ்டேஷனில் ஏறி ஜன்னலோரம் பிடித்து, செப்பலினின் ‘நோ குவார்ட்டர்’ பாட்டை ஓடவிட்டால் மணவூர், செஞ்சிப்பனம்பாக்கம், கடம்பத்தூர் எல்லாம் போய்க்கொண்டே இருக்கும், பாட்டு முடியாது. அந்தக் காலத்தில் மேடையில் அதை 20 நிமிடத்துக்கு மேல் இழுத்தார்கள். பியானோ ஒரு பக்கம் அலைகிறது, கிட்டார் ஒரு பக்கம் அலைகிறது, இடையில் யாரோ ஒரு புண்ணியவான் விசில் அடிக்கிறான். அந்த விசிலுக்காகவே கேட்கிறேன் என்றால் நம்புவீர்களா?

முதல் தடவை கேட்டபோது எனக்கும் எரிச்சல்தான். கிணற்றுக்குள் யாரோ கச்சேரி வைத்த மாதிரி இருந்தது. மூன்றாவது பாட்டில் காது பழகிவிடும். இருட்டறைக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரத்தில் கண் பழகுமே, அப்படி. பிறகுதான் அரங்கமே புலப்படத் தொடங்குகிறது. கூரை எவ்வளவு உயரம், கூட்டம் எந்தப் பக்கம் அதிகம், பக்கத்து சீட்டுக்காரன் எந்தப் பாட்டுக்குத் தவிக்கிறான். 1977இல் செப்பலின் கச்சேரிகளில் கூட்டம் பட்டாசு வேறு கொளுத்திப் போடும். பாடகர் ராபர்ட் பிளான்ட் மேடையிலிருந்து கெஞ்சுவார். பாட்டு நடுவே டமால்! தீபாவளிக்கு நம் தெருவில் கச்சேரி வைத்தால் எப்படி இருக்கும், அதேதான்.

‘அதுதான் கம்பெனியே முறையாக லைவ் ஆல்பம் போடுகிறதே?’ என்று கேட்பீர்கள். போடுகிறது. கல்யாண ஆல்பம் மாதிரி போடுகிறது! முகப்பரு போய்விடும், வியர்வை போய்விடும், பந்தியில் நடந்த சண்டை போய்விடும். 1975இல் வந்த கிஸ் குழுவின் ‘அலைவ்!’ ஸ்டூடியோவில் நிறையப் பூசி மெழுகியது. 1979இல் வந்த ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ஜப்பான் லைவ் ஆல்பத்தில் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் பிற்பாடு ஸ்டூடியோவில் பாடிச் சேர்த்தது தெரிந்துபோய், ரசிகர்கள் அதற்குக் கிண்டல் பெயரே வைத்தார்கள். ரசிகன் பிடித்த நாடா என்பது, தாய்மாமன் செல்போனில் எடுத்த கல்யாண வீடியோ. கை ஆடும், குழந்தை அழும், யாரோ தாம்பூலப் பை கேட்பார்கள். ஆனால் கல்யாணத்துக்குப் போகாதவர்கள் கேட்பது அந்த வீடியோவைத்தான்.

சரி, தொழில் ரகசியத்துக்கு வருவோம். இந்த ஆட்களுக்கு ‘டேப்பர்’ என்று பெயர். எங்கே உட்கார வேண்டும்? முதல் வரிசை என்று நினைத்தால் தப்பு. அங்கே கிட்டார் பெட்டியின் இரைச்சல் காதைக் கிழிக்கும், பாடகர் குரல் எடுபடாது. அரங்கத்தின் நடுவில், ஒலியைக் கலந்து கொடுக்கும் பலகைக்குச் சற்று முன்னால், இரண்டு பக்க ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் உட்கார வேண்டும். சவுண்ட் என்ஜினியர் தன் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதைத்தானே கலக்குவார்? அவர் காதுக்குப் பக்கத்தில் உன் மைக்கை வை. அவ்வளவுதான் சூட்சுமம்.

உட்கார்ந்தாகிவிட்டது. இனி கை தட்டக் கூடாது. கூடப் பாடக் கூடாது. மைக் தொப்பியிலோ மூக்குக்கண்ணாடியிலோ இருந்தால் தலையைத் திருப்பவும் கூடாது; திருப்பினால் மொத்த இசைக்குழுவும் இடமிருந்து வலம் நகர்ந்துவிடும். நினைத்துப் பாருங்கள்: ஆயிரக்கணக்கான பேர் குதிக்கிற அரங்கத்தில், எல்லாரையும்விடப் பெரிய வெறியன் ஒருவன் மட்டும் பரீட்சை ஹாலில் மாதிரி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். நம் காதில் விழும் ஆரவாரத்தில் அவன் குரல் மட்டும் இல்லை.

அடுத்த தலைவலி, கேசட்டைத் திருப்புவது. 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். செப்பலினோ மூன்று மணி நேரத்துக்கு மேல் வாசிப்பார்கள். உச்சக்கட்டத்தில் நாடா தீர்ந்தால் போச்சு! டிரம்ஸ் தனி ஆவர்த்தனம்தான் கடவுள் கொடுத்த இடைவெளி. நம்மூர் சபாவில் தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு நழுவுவார்கள். டேப்பர் இருட்டில் தடவித் தடவி கேசட்டைத் திருப்புவார்.

அப்புறம் பேட்டரி. அது சோர்ந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், நாடா குறைவாக ஓடும். வீட்டில் வந்து சரியான வேகத்தில் போட்டால் பாட்டு ஓட்டமாக ஓடும், சுருதி ஏறும். ஐந்து கட்டை ஆறு கட்டை ஆகிவிடும். இதைத் திருத்துவதற்கென்றே இன்றும் உட்கார்ந்து, பாட்டின் அசல் சுருதியோடு ஒப்பிட்டு, நிமிடத்துக்கு நிமிடம் வேகத்தைச் சரிக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளமா? கேட்டால் சிரிப்பார்கள். இந்த உலகத்தின் தர்மமே வேறு: மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. கேசட் காலத்தில் வெற்று கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் கச்சேரி வீட்டுக்கு வரும். நகலுக்கு நகல் இரைச்சல் கூடும் என்பதால், ‘இது மூலத்திலிருந்து எத்தனையாவது தலைமுறை?’ என்று வம்சாவளி விசாரிப்பார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் தோற்றார்கள்!

மாட்டினால்? செப்பலினின் மேனேஜர் பீட்டர் கிராண்ட் ஆஜானுபாகு. ரெக்கார்டரைக் கண்டால் உடைப்பார். 1971இல் கனடாவின் வான்கூவரில் மைக்கும் கருவியுமாக நின்ற ஆட்களைப் பார்த்துப் பாய்ந்து, கருவியைத் துவம்சம் செய்தார். அப்புறம்தான் தெரிந்தது, வந்தவர்கள் ஒலி மாசை அளக்க வந்தவர்களாம்! இதற்கு நேர்மாறாக, கிரேட்ஃபுல் டெட் குழு 1984 அக்டோபரில் டேப்பர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கிச் சீட்டு விற்றது. இதைவிடப் பெரிய திருப்பம் 2025இல் வந்தது. பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் தங்கள் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தின் 50ஆம் ஆண்டுப் பதிப்பில் 1975 ஏப்ரல் 26 லாஸ் ஏஞ்சலிஸ் கச்சேரியைச் சேர்த்தார்கள். பிடித்தவர் யார்? நம்ம மில்லார்டேதான். இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் அதைத் துலக்கிக் கொடுத்தார். அன்றைக்குக் கண்டிருந்தால் வெளியே தள்ளியிருப்பார்கள், இன்றைக்குச் சிவப்புக் கம்பளம்! அதைப் பார்க்கத்தான் மில்லார்ட் இல்லை, 1994இலேயே போய்விட்டார்.

நம் பக்கத்து ஆட்களுக்கு ரொம்ப நாள் இந்த நாடாக்கள்தான் டிக்கெட். அயர்ன் மெய்டன் குழு பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு வந்தது 2007 மார்ச் 17. மெட்டாலிகா வந்தது 2011 அக்டோபர் 30. அதுவரை அவர்கள் கச்சேரி என்றால் யாரோ எங்கோ பிடித்த இரைச்சல்தான். ஆனால் நாடா பிடிக்கும் பைத்தியம் மட்டும் நமக்குப் புதிதல்ல. ஸ்பூல் டேப் காலத்திலேயே கர்நாடக இசைப் பாடகர்கள் மதுரை மணி ஐயரையும் ஜி.என்.பி.யையும் ரசிகர்கள் பிடித்து வைத்தார்கள். 1965இல் ஜி.என்.பி.யும் 1968இல் மணி ஐயரும் மறைந்த பிறகும் வீட்டுக்கு வீடு அந்தக் கச்சேரிகள் கைமாறின. அந்த நாடாக்களில் சுரம் ஒன்று சரியாக வந்து விழும்போது ஒரு மாமா ‘ஆஹா!’ என்பார் பாருங்கள். பட்டாசு போட்ட அமெரிக்கப் பையனுக்கு அவர் தூரத்துச் சொந்தம்.

இதையெல்லாம் திருவாலங்காட்டில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் இரண்டு ரெக்கார்டிங்குக்குப் பேர் போனது. ஒன்று, ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடு. 1905இல் கிடைத்தது, 31 ஏடு. அரசவையில் எழுதி, பரம்பரைப் பெருமை பாடி, முத்திரை வளையம் போட்டு வெளியிட்டது. சந்தேகமே இல்லை, அதுதான் கம்பெனி வெளியீடு! இன்னொன்று, காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகம். கயிலைக்குத் தலையால் நடந்து போன அம்மையார், ஈசன் ஆடும்போது அவன் அடியின்கீழ் பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டார்; ஆலங்காட்டுக்குப் போ என்று உத்தரவானது என்கிறது பெரியபுராணம். மேடையையா கேட்டார்? உட்காரும் இடத்தைக் கேட்டார்!

உட்கார்ந்து என்ன செய்தார்? துத்தம், கைக்கிளை, விளரி என்று சுரங்களைக் குறித்தார். குடமுழா, தமருகம், மொந்தை, கொக்கரை என்று என்னென்ன வாசித்தார்கள் என்பதைக் குறித்தார். கேசட் அட்டையில் டேப்பர் எழுதுவானே, அப்படி. நரி ஊளையிட்டதையும் பேய்கள் கூத்தடித்ததையும் வெட்டாமல் அப்படியே விட்டார். கூட்டத்தின் கூச்சல் இல்லாமல் என்ன கச்சேரி? கடைசியில் சொந்தப் பேரைக்கூடப் போடாமல் ‘காரைக்கால் பேய்’ என்று கையெழுத்திட்டார். டேப்பர்களுக்குப் புனைபெயர் பிடிக்கும்.

அந்தத் தைரியத்தில் நானும் ஒரு மார்கழித் திருவாதிரை இரவில் செல்போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நாகஸ்வரம், தவில், கூட்டம். போனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் சகிக்கவில்லை. எனக்குப் பின்னால் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. தவிலில் ஓர் அடி விழுந்தால் போன் தானாகவே ஒலியைக் குறைத்துக்கொள்கிறது, உடனே நாகஸ்வரம் தண்ணீருக்குள் முங்குகிறது. மறுபடி எழுந்து மூச்சு வாங்குகிறது. மறுபடி அடி, மறுபடி முங்கல். மெனக்கெட்டுக் கேட்டு அழிக்கப் போகும் நேரம், 11ஆவது நிமிடத்தில் ஒரு கிழவியின் குரல் காதோரம் வந்தது.

“கைய எறக்கு நைனா, சாமி மறைக்குது.”

இறக்கியிருக்கிறேன். துணி உரசும் சத்தம். போன் நெஞ்சோடு ஒட்டிவிட, என் முதுகு குழாய் ஸ்பீக்கரை மறைத்துவிட்டது. அடுத்த நான்கு நிமிடம் நாகஸ்வரம் நேராக வருகிறது, தவில் அதன் இடத்தில் நிற்கிறது, எங்கோ மணி அடிக்கிறது. மைக்கை எங்கே வைப்பது என்று மில்லார்டுக்குத் தெரிந்தது அந்தப் பாட்டிக்கும் தெரிந்திருக்கிறது. மற்றதை அழித்துவிட்டேன். அந்த நான்கு நிமிடத்தை மட்டும் வைத்திருக்கிறேன். அது இப்படித்தான் தொடங்குகிறது:

“ஆங்... இப்பத் தெரியுது.”