வினைமுற்றி மீண்டோரும் ப. சிங்காரத்தின் புதினங்களும்

போர் முடிந்தபின் மறவன் என்ன ஆகின்றான் என்னும் வினாவிற்குப் பழந்தமிழ் முல்லைப் பாட்டுகள் தெளிவானதொரு விடை தருகின்றன. வினைமுற்றிய தலைவன் தேரைக் கடிதிற் செலுத்தி மனைநோக்கி மீள்வான். ஆற்றியிருந்த தலைவி எதிர்கொள்வாள். அதனோடு ஒழுக்கம் நிறைவுறும். நப்பூதனார் இயற்றிய 103 அடிகளையுடைய முல்லைப்பாட்டு இதற்குத் தக்க சான்றாகும். பாசறையில் அரசன் புண்பட்ட யானைகளையும் வீழ்ந்த மறவரையும் நினைந்து துயிலின்றிக் கிடத்தலை அப்பாட்டு மறையாது கூறும். எனினும், வெற்றியோடு அவன் மீளும் ஓசை தலைவியின் செவியில் நிறைதலோடு அஃது அமைந்துவிடுகின்றது.

இப்பாட்டிற்கு மறைமலையடிகள் 1903-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியுரை வெளியிட்டார். செய்யுளின் சொற்றொடர்களை முன்பின்னாக மாற்றாமல் அதன் இயல்பான போக்கிலேயே பொருள் காணவேண்டும் என்பது அவ்வுரையின் நெறி. அந்நெறி நிற்போர் பாட்டு எங்கே முடிகின்றது என்பதனையும் கருதல் வேண்டும். மீண்ட அரசனுக்கு மனையகத்தே துயில் வந்ததோ என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. அவ்வெல்லைக்கு அப்பாலிருந்து தொடங்குவன ப. சிங்காரத்தின் இரு புதினங்கள். இவ்வேறுபாட்டை ஈண்டு ஆராய்வாம்.

சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியிற் பிறந்தவர், 1938-இல் சுமத்திராவின் மேடான் நகருக்குச் சென்று, போர்க்காலத்தை அப்பகுதியிற் கழித்து, 1946-இல் தாயகம் மீண்டு, மதுரையில் தினத்தந்தி நாளிதழிற் பணியாற்றினார், 1997-இல் மறைந்தார். 1950-இல் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் இதழின் புதினப் போட்டியிற் பரிசு பெற்று 1959-இல் நூலாயிற்று. 1962-இல் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வெளிவந்தது. வரலாற்றுப் புதினம் என்ற அளவிலே முடிமன்னர் கதையையே நினைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. கடல் கடந்த தமிழரின் அண்மை வரலாற்றைப் பாடிய இவையும் அவ்வகைக்கு உரியனவே என்பது எம் கருத்து.

‘கடலுக்கு அப்பால்’ புதினத்தின் தலைவன் செல்லையா. பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடையில் இருந்தவன். இந்தியத் தேசியப் படையிற் சேர்ந்தவன். 1945 ஆகஸ்டில் சப்பான் பணிந்தது, அப்படையும் கலைந்தது, செல்லையா கடைக்கு மீண்டான். பிள்ளையின் மகள் மரகதத்திற்கும் அவனுக்கும் அன்பு உண்டு. எனினும், படைக்குச் சென்று மீண்டவன் தொழிலுக்கு ஆகான் என்று கருதும் பிள்ளை, மகளை அவனுக்குக் கொடுக்க உடன்பட்டாரல்லர்.

இம்மறுப்பின் இயல்பை நுனித்து நோக்குதல் வேண்டும். அது வெறுப்பின்பாற் பட்டதன்று. வட்டித்தொழில் பொறுமையையும் பணிவையும் வேண்டுவது. கடனாளியின் சுடுசொல்லையும் கேட்டுக்கொண்டு நாளை மீண்டும் அவன் வாயிலில் நிற்க வேண்டியது. படையோ தலைநிமிர்ந்து நிற்கக் கற்பிக்கின்றது. பெட்டியடியில் அமர்ந்து பேரேடு எழுதும் வாழ்விற்கு அந்நிமிர்வே குறையாகிவிடுகின்றது. செல்லையாவின் உடலிற் புண்ணில்லை. களத்திற் பெற்ற சிறப்பே மனையிற் குற்றமாகின்றது. முல்லைத் தலைவனுக்கு அவன் மறமே மாலை சூட்டியது. இவனுக்கு அதுவே கதவை அடைத்தது. தலைவி மாறினாள் அல்லள், மனை மாறிற்று.

மற்றைப் புதினத்தின் தலைவன் பாண்டியன். மேடானிலிருந்து பினாங்கிற்குத் தொங்கானிற் செல்லும்போது நடுக்கடலில் அவன் புயலிற் சிக்குகின்றான். கலம் தப்புகின்றது, ஆயின் அவன் உள்ளம் கரை சேரவில்லை. தேசியப் படை கலைந்தபின் அவன் கடைவாழ்விற்கு மீளாமல், ஒல்லாந்தரை எதிர்த்து இந்தோனேசியர் நடத்திய விடுதலைப் போரிற் புகுகின்றான். முடிவில், ஊர் திரும்ப எண்ணும் வேளையிற் சுடப்பட்டு மாய்கின்றான். போர்க்களத்திலும் மதுரைத் தெருக்களை நினைந்துகொண்டிருந்தவன் அவற்றைக் காணவில்லை.

இங்ஙனம் ஒரே வினாவிற்கு ஆசிரியர் இரு விடைகளை வைக்கின்றார். செல்லையா மீள்கின்றான், ஆயின் தன்னில் ஒரு பகுதியை மறந்தாலன்றி அவனுக்கு வாழ்வில்லை. பாண்டியன் மறக்க மாட்டாதவன். ஆகலின் அவனுக்கு மீட்சியில்லை. இவற்றுள் எது நன்று என ஆசிரியர் தீர்ப்புக் கூறாமை இப்புதினங்களின் நேர்மை எனலாம்.

இஃது இருவர் கதை மட்டுமன்று. கலைக்கப்பட்ட அப்படையில், பிரித்தானிய இந்தியப் படையிலிருந்து வந்தோர் பழைய பணியிற் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. மலேயாவின் கடைகளிலும் தோட்டங்களிலும் இருந்து சென்ற தமிழரோ, சப்பானியர் வெளியிட்ட தாள்நாணயம் மதிப்பிழந்து கிடந்த ஊர்களுக்கு மீண்டனர். தில்லிச் செங்கோட்டையில் 1945 நவம்பரில் தொடங்கிய விசாரணை படைத்தலைவர் சிலரை நாடறியச் செய்தது. பெயரறியாத படைமறவன் அடுத்தநாட் காலையில் எங்குச் சென்று நின்றான் என்பதனை நீதிமன்ற ஏடுகள் கூறா, புதினம் கூறுகின்றது.

முல்லையின் இருத்தலுக்கு உரிப்பொருள் வகுத்த தமிழ் மரபில், மீண்டபின் இருத்தலுக்கும் ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தைச் சிங்காரத்தின் புதினங்கள் நிரப்புகின்றன என்பதே இவ்வாராய்ச்சியின் முடிபாகும்.