ரிப்போர்ட்டில் கால்சியம் நார்மல்... அப்போ எலும்பு?

இடுப்பு வலிக்காக ரத்தப் பரிசோதனை செய்பவர்கள் பலர், கால்சியம் நார்மல் என்று பார்த்ததுமே ‘எலும்பு நல்லா இருக்கு’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். கொஞ்சம் அவசரமான நிம்மதி அது. ரிப்போர்ட் காட்டுவது ரத்தத்தில் ஓடும் கால்சியத்தின் அளவை மட்டும்தான்.

உடலின் கால்சியத்தில் 99 சதவிகிதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது சொற்பம். ஆனால், இதயம் துடிக்க, தசைகள் இயங்க, ரத்தம் உறைய அந்தச் சொற்பம்தான் வேண்டும். அதனால் ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற அளவை உடல் லேசில் விட்டுக்கொடுக்காது.

இதற்குக் காவல், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். ரத்தத்தில் கால்சியம் சற்றே குறைந்தாலும் இவை ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன், சிறுநீரில் கால்சியம் வீணாவதைக் குறைக்கும். எலும்பிலிருந்தும் கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும். மாதச் செலவுக்கு நகையை ஒவ்வொன்றாக விற்கும் வீடு மாதிரி. வெளியே எல்லாம் சரியாகவே தெரியும், பீரோ காலியாகிக்கொண்டிருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானம் ஏற்கெனவே வேகமாக நடக்கும் என்பதால் இழப்பு இன்னும் அதிகம். எலும்பின் அடர்த்தியை அறிய டெக்ஸா ஸ்கேன்தான் எடுக்க வேண்டும்.

சரி, தினமும் கேழ்வரகுக் கூழ் குடித்தால்? 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் அதைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அது போதுமான அளவு இருந்தால் உணவுக் கால்சியத்தில் 30 - 40 சதவிகிதம் வரை உடலில் சேரும். குறைந்தால் 10 - 15 சதவிகிதம்தான். வெயில் பட்டுத் தோலில் உருவாகும் இந்த வைட்டமின், கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்ற பிறகே வேலைக்கு வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து வாங்கும் வெயில் இதற்கு உதவாது. தேவையான புற ஊதா பி கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும்.

‘அப்போ மாத்திரை போட்டுக்கலாமே’ என்பவர்கள் கவனிக்க வேண்டியது, 60,000 யூனிட் மாத்திரை. பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று என்றுதான் டாக்டர்கள் எழுதுவார்கள். அதைத் தவறுதலாகத் தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் எகிறும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் எல்லாம் அதன் அறிகுறிகள். சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வைட்டமின் டி கொழுப்பில் தங்கிவிடுவதால், மாத்திரையை நிறுத்திய பிறகும் பாதிப்பு வாரக்கணக்கில் நீடிக்கும்.