மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: முன்னேற்பாடும் மீள்பயிற்சியும்

வயது முதிர்ந்த பெற்றோர் வாழும் இல்லங்களில் இன்று அடிக்கடி எழும் பேச்சு முழங்கால் வலியைப் பற்றியது. வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்னரே முறிக்க வரும் வாடிக்கையாளர் சிலர், விண்ணப்பத்தை நீட்டும்போதே, "அம்மாவுக்கு மூட்டு மாற்றுகிறோம்" என்று காரணத்தையும் சொல்லிவிடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன்பு அதே காரணம் எங்கள் இல்லத்துக்கும் வந்து சேர்ந்தது. அப்போது பணி மாறுதலில் நாக்பூரில் குடியிருந்தோம். இரண்டாம் மாடி; மின்தூக்கி இல்லை. அறுபத்தெட்டு வயதான எங்கள் அம்மா படியிறங்குவதை நிறுத்தி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

இக்கட்டுரை மருத்துவ ஆலோசனை அன்று. அதை மருத்துவரே வழங்க வேண்டும். நோயாளியின் குடும்பத்தார் என்ற முறையில் நாங்கள் சரியாகச் செய்தவற்றையும் தவறிச் செய்தவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே எங்கள் நோக்கம்.

மூட்டில் நிகழ்வது என்ன?

முழங்காலையே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அம்மாவுக்கும் இருந்தது. உண்மையில், தேய்ந்துபோன குருத்தெலும்பையும் அதனடியில் உள்ள எலும்பின் மெல்லிய பகுதியையும் மட்டுமே செதுக்கி எடுக்கின்றனர். தொடை எலும்பின் கீழ் முனைக்கும் கால் எலும்பின் மேல் முனைக்கும் உலோக உறை பொருத்தப்படுகிறது. இரண்டுக்கும் இடையே உறுதியான நெகிழித் தகடு அமைகிறது. பல்லுக்கு உறையிடுவதைப் போன்றது என்று மருத்துவர் விளக்கியபோதுதான் அம்மாவின் முகம் தெளிந்தது.

எலும்பு முறிவைப் போல் இது திடீரென நேர்வதன்று; நாள் குறித்துச் செய்துகொள்வது. எனவே நம் கையில் உள்ள பெரிய முதல், அவகாசம்தான். அதை வீணாக்காமல் பயன்படுத்துவோர்க்குப் பின்னர் வரும் துன்பம் குறைகிறது.

முதலில் கணக்கு

மருத்துவமனையிடம் மதிப்பீட்டை எழுத்தில் பெறுக. மொத்தத் தொகையாக மட்டும் அன்றி, செயற்கை மூட்டு, அறுவை அரங்கு, அறை வாடகை, மருந்து, இயன்முறைப் பயிற்சி எனத் தனித்தனியே கேட்க வேண்டும். செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று அறிவிக்கப்பட்ட வரம்பு, வரி நீங்கலாக 54,720 ரூபாய். இவ்வரம்பு பின்னர் அவ்வப்போது திருத்தப்படுகிறது. எந்த வகை மூட்டு, அதன் இன்றைய வரம்பு என்ன என்று கேட்பது நோயாளியின் உரிமை. கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

காப்பீடு வைத்திருப்போர் ஆவணத்தை ஒருமுறை முழுமையாகப் படித்தல் நன்று. மூட்டு மாற்றுக்குப் பல திட்டங்களில் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி அது 36 மாதங்களை விஞ்சலாகாது. அறை வாடகைக்கு வரம்பு இருந்து, அதனினும் உயர்ந்த அறையைத் தேர்ந்தால், வாடகை மட்டுமன்றித் தொடர்புடைய பிற செலவுகளும் அதே விகிதத்தில் குறைக்கப்படக்கூடும். வீடு திரும்பிய பின் நிகழும் இயன்முறைப் பயிற்சிக்குக் காப்பீடு உண்டா, எத்தனை நாள் என்பதையும் அறிந்து, மருத்துவரின் சீட்டையும் ரசீதுகளையும் பாதுகாக்க வேண்டும். 70 வயது நிறைந்தோர்க்கு, ஆயுஷ்மான் பாரத் திட்டம் நடைமுறையில் உள்ள மாநிலங்களில், வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை வசதி 2024 அக்டோபர் முதல் வழங்கப்படுகிறது. தேர்ந்தெடுத்த மருத்துவமனை அத்திட்டத்தில் இணைந்துள்ளதா என முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவின் வைப்புத்தொகை, வேறொரு நகரில் வாழும் தம்பியின் பெயரோடு கூட்டாகத் தொடங்கப்பட்டிருந்தது. 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற விதி முதிர்வு நாளில்தான் முழுமையாகப் பயன்படும். முதிர்வுக்கு முன் முறிக்க, பொதுவாக இருவர் கையொப்பமும் தேவை. வங்கியில் பணிபுரியும் நாங்களே இதை அறுவைக்கு இரண்டு நாள் முன்புதான் நினைவுகூர்ந்தோம்! படிவம் அனுப்பி, கையொப்பம் பெற்று, தொகையை எடுப்பதற்குள் பட்ட பதற்றம் சொல்லி மாளாது. வைப்பை முறிப்பதா, அதன் பேரில் கடன் பெறுவதா என்பதையும் ஒரு மாதம் முன்பே கணக்கிட்டுப் பார்க்கலாம். முதிர்வு அண்மையில் இருப்பின், கடனே பெரும்பாலும் இலாபம்.

உடலும் வீடும்

அறுவைக்கு முன் சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தசோகை ஆகியவற்றைக் கட்டுக்குள் கொணர வேண்டும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண் ஆகியவற்றையும் மருத்துவரிடம் மறைக்கலாகாது. உடலில் எங்கேனும் உள்ள கிருமி புதிய மூட்டைச் சென்றடைந்தால் பெருந்துன்பம் விளையும். இரத்தத்தின் உறைதன்மையைக் குறைக்கும் மருந்துகளை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிகளையும், நடைச்சட்டத்தைப் பிடித்து நடப்பதையும் முன்னதாகவே பழகிக்கொள்வது பெரும் பயன் தரும்.

வீட்டில் முதலில் அகற்ற வேண்டியவை தரை விரிப்புகளும் மிதியடிகளும். மேற்கத்திய முறைக் கழிப்பறையும், சுவரில் கைப்பிடியும், இரவு விளக்கும் தேவை. இருபுறமும் கைதாங்கி உள்ள, சற்று உயரமான, உறுதியான நாற்காலி ஒன்று வேண்டும். ஆழ்ந்து அமிழும் சோபா உதவாது.

எழுந்து நிற்கும் நாள்

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நிற்க வைக்கின்றனர். காண்போர்க்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆயினும் அசையாது படுத்திருந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையும் இடர் கூடும். கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குதல், காலை நீட்டியவாறே உயர்த்துதல் எனப் பயிற்சிகள் எளியவையே. அவற்றை நாள்தோறும் தவறாது செய்வதுதான் கடினம். தொடர் வைப்புக் கணக்கில் தவணை தவறுவதைப் போன்றதே பயிற்சி தவறுவதும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். இவ்விதியைக் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவைத்தோம்.

தலையணை செய்த தவறு

வீடு திரும்பிய முதல் வாரத்தில் அம்மா இரவெல்லாம் வலியால் முனகினார். முழங்காலுக்கு அடியில் தலையணை ஒன்றை வைத்தோம். உடனே முகத்தில் நிம்மதி தெரிந்தது. அன்று முதல் அத்தலையணை அங்கேயே தங்கிவிட்டது. நலம் விசாரிக்க வந்தோரும், "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்று கூறிச் சென்றனர். அம்மா வலி என்று சொன்ன நாள்களில் பயிற்சியையும் நாங்களே விட்டுக்கொடுத்தோம்.

ஐந்தாம் வாரம் இயன்முறை வல்லுநர் அளந்து பார்த்தார். கால் முழுமையாக நீளவில்லை; ஏறத்தாழ 15 டிகிரி வளைந்தே நின்றது. காலை நீட்ட இயலாவிடில் புதிய மூட்டு இருந்தும் நொண்டி நடக்க நேரும் என்றார். தலையணையைப் பற்றிக் கேட்டறிந்ததும், "வலிக்கு இதமான நிலையே மூட்டுக்குப் பகையான நிலை" என்று விளக்கினார். தாங்கல் வேண்டுமெனில் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். முழங்காலுக்கு அடியில் அன்று. அச்செய்தி மருத்துவமனை தந்த தாளிலேயே இருந்தது. நாங்கள்தாம் படிக்கவில்லை.

அன்று மாலை முதல் குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, பத்து நிமிடம், நாளுக்கு ஐந்து முறை. அம்மாவின் கண்ணில் நீர் வழியும். நிறுத்திவிடலாமா என்று நாங்கள் தடுமாறிய போதெல்லாம், "நீங்கள் இரக்கப்பட்டால் என் கால் கோணலாகத்தான் இருக்கும். பேசாமல் எண்ணுங்கள்" என்றார். எண்ணினோம். இழந்த நீட்சி திரும்ப ஆறு வாரங்கள் பிடித்தன.

அறுவைக்கு முன்பே வலி மருந்தின் நேரத்தைப் பயிற்சியோடு பொருத்திக்கொள்ளும் வகையை மருத்துவரிடம் கேட்டிருந்தால், அம்மா அழுத நாள்கள் குறைந்திருக்கும்.

எதை எதிர்பார்க்கலாம்?

வீக்கமும் முழங்காலின் வெதுவெதுப்பும் சில மாதங்கள் நீடிக்கலாம். தழும்பின் வெளிப்புறத்தில் மரத்துப்போன உணர்வு இருக்கலாம். தூக்கம் கெடும், மனம் சோரும். இவை பெரும்பாலோர்க்குப் படிப்படியாகக் குறையும். ஆனால் கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், காயத்தில் கசிவு ஆகியவற்றுள் எது தோன்றினும் காலை வரை காத்திராமல் மருத்துவமனையை அணுக வேண்டும்.

தரையில் சப்பணமிட்டு அமர்வதும் குந்துவதும் இனிப் பெரும்பாலும் கூடா. பூசைக்கும் பந்திக்கும் நாற்காலியே என்பதை அறுவைக்கு முன்பே மனம் ஏற்றுக்கொள்ளட்டும். புதிய மூட்டு நெடுநாள் உழைக்கும். 2019-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வொன்று, முழு மூட்டு மாற்றுகளில் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைக்கும் என மதிப்பிட்டது.

வங்கிக்கு வர இயலாத நாள்களில்

70 வயதைக் கடந்தோர்க்கும், மருத்துவச் சான்று பெற்ற நாட்பட்ட நோயோ இயலாமையோ உடையோர்க்கும் இல்லம் தேடிச் சேவை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017-இல் அறிவுறுத்தியது. பணம் எடுத்தல், வரைவோலை பெறுதல், வாழ்நாள் சான்று அளித்தல் போன்றவை அதில் அடங்கும். ஓய்வூதியர் தம் வாழ்நாள் சான்றை, ஜீவன் பிரமாண் செயலியில் முகம் காட்டிக் கைப்பேசி வழியாகவும் அளிக்கலாம்.

அறுவை அக்டோபரில் நடந்ததால் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு அவ்வாண்டு நவம்பரில் அப்படித்தான் சான்று அளித்தோம். அவருக்கு அதில் மனநிறைவில்லை. "உயிரோடு இருக்கிறேன் என்பதை நடந்து போய்ச் சொல்வதுதான் முறை" என்றார்.

அடுத்த நவம்பரில் இரண்டு மாடிகளையும் தாமே இறங்கினார். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். கிளையின் வரிசையில் அவருக்கு நாற்காலி தந்தனர், அமரவில்லை. அவர் முறை வரும்வரை நின்றுகொண்டே இருந்தார்.