மாற்றுச் சிறுநீரகமும் ப்ரபந்நன் நிஷ்டையும்

தம் தாயாரின் சிறுநீரகத்தைப் பெற்று உயிர் பிழைத்த ஸ்ரீவைஷ்ணவர் ஒருவர் அடியேனிடம் இரண்டு சங்கைகளை விண்ணப்பித்தார். எம்பெருமானே ரக்ஷகன் என்று சரணம் புக்கவன் நாள்தோறும் மருந்தை நம்பியிருப்பது மஹாவிச்வாஸத்துக்குக் குறையன்றோ? தீர்த்தமும் திருவிழாக் கூட்டமும் உபவாஸமும் ஆகாவென மருத்துவர் விலக்குவதால் கைங்கர்யத்தை இழந்தேனோ?

முதலில் மருந்தின் இயல்பை அறிய வேண்டும். உடல், பிறர் உறுப்பைப் பகையாகக் கருதி அழிக்க முற்படும். 1954இல் பாஸ்டன் நகரில் முதன்முதலாக வெற்றி கண்ட சிறுநீரக மாற்று, உருவொத்த இரட்டையரிடையே நிகழ்ந்தமையால் இவ்வெதிர்ப்பு எழவில்லை. ஏனையோர், அவ்வுறுப்பு இயங்கும் நாளளவும் எதிர்ப்பை அடக்கும் மருந்தை உட்கொள்ள வேண்டும். அம்மருந்து கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலையும் குறைக்கும். அதனாலேயே நீரிலும் கூட்டத்திலும் எச்சரிக்கை வேண்டப்படுகிறது.

இனி முதற்சங்கைக்கு ஸமாதானம். ப்ரஹ்மாஸ்த்ரத்தால் கட்டுண்ட அநுமனை அரக்கர் கயிற்றாலும் கட்ட, அஸ்த்ரம் நெகிழ்ந்தது. இந்த த்ருஷ்டாந்தத்தை எண்ணியே அவர் அஞ்சினார். அங்கே இரண்டு கட்டுக்கும் பயன் ஒன்று. இங்கோ, சரணாகதியின் பயன் மோக்ஷம். மருந்தின் பயன் தேஹரக்ஷணம். பயன் வேறாகையால் விரோதமில்லை. மேலும், சேதநனுக்கே சேஷமாய், அவனால் தாங்கவும் நியமிக்கவும் படும் த்ரவ்யம் சரீரம் என்பது ஸ்ரீபாஷ்யகாரர் காட்டிய லக்ஷணம். அந்தச் சேதநனும் எம்பெருமானுக்குச் சரீரமாகையால், இவ்வுடலைப் பேணுவது ஸ்வாமியின் உடைமையைப் பேணுவதேயாம்.

இரண்டாவதற்கு: விரதத்தைக் கெடுக்காத எட்டனுள் மருந்தையும் ஆசார்ய வசனத்தையும் விதுரநீதி எண்ணுகிறது. சேஷியின் உகப்பே கைங்கர்யம், நம் ருசியன்று. தீர்த்தத்தைக் கண்ணால் ஸேவித்து விலகி நிற்பதும் கைங்கர்யமே.

மூன்றாவதொன்றை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகத்தில் கண்டேன். தாயின் உடலைக் குறைத்து வாழ்கிறோமே என்னும் தாபம் அது. ஆளவந்தாரின் நோயை மாறனேரி நம்பி ஆசார்ய ப்ரஸாதமாகத் தம் திருமேனியில் ஏற்றார். அன்புடையார்க்குத் தாங்குவதே போகம்; அதை இசைந்து அளித்தமை ஆசார்யரின் க்ருபை. அவ்வாறே, தாய் தந்ததைக் கூசாமல் ஏற்பதே மகன் அவளுக்குச் செய்யும் உபகாரம். அதைக் கடனாக எண்ணி நைவதினும், ப்ரஸாதமாக எண்ணிப் பேணுதல் ஸ்வரூபத்துக்குச் சேரும்.

இவை அடியேனுக்குத் தோன்றியவை. பெரியோர் குறை களைந்து அநுக்ரஹிப்பார்களாக.