ஆய்விதழ்க்குக் கட்டுரையைப் பதிவேற்றும் முறை

நமக்கு அறிமுகமான ஆராய்ச்சி மாணவர் ஒருவர், ஈராண்டுப் பிரயாசையின் பயனாகிய கட்டுரை ஒன்றை ஓர் ஆய்விதழின் இணையத்தளத்தில் பதிவேற்றிவிட்டு, விடை வருமென்று நான்கு மாதங்கள் காத்திருந்தார். விடை வரவில்லை. பொறுமையிழந்து இதழாசிரியர்க்கு மடல் எழுதவே, அத்தகைய கட்டுரை யாதும் தமக்கு வந்து சேரவில்லை என்று அவர் மறுமொழி விடுத்தார். மாணவர் திடுக்கிட்டுத் தம் கணக்கைத் திறந்து நோக்கினார். கட்டுரை அங்கேயே, ஆசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திருப்பன என்னும் தலைப்பின்கீழ் அசையாமற் கிடந்தது. இதற்கிடையில் அதே பொருள்பற்றிப் பிறரொருவர் எழுதிய கட்டுரை வேறோரிதழில் வெளிவந்துவிட்டது. இவ்விடர் அவர் ஒருவர்க்கே நேர்ந்ததன்று. ஆதலின் இம்முறையின் இயல்பினை நம் மாணாக்கர் அறியுமாறு ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

இலண்டனில் ராயல் சொஸைட்டியின் காரியதரிசியாகிய ஹென்றி ஓல்டன்பர்க் என்பார் 1665-ஆம் ஆண்டில் விஞ்ஞான இதழொன்றைத் தொடங்கியபோது, கட்டுரைகள் அவருக்குக் கடிதங்களாகவே வந்தன. நம் நாட்டில், கணித மேதை இராமாநுஜன் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழுக்கு எழுதிய முதற் கட்டுரை 1911-இல் வெளிவந்தது. அதன் நடை தெளிவுறாமையால், கையெழுத்துப் படி இதழாசிரியர்க்கும் அவருக்குமிடையே பன்முறை சென்று மீண்டது என்பர். அவ்விரு காலத்தும், உறையைப் பிரித்தவர் ஒரு மனிதர். பக்கமொன்று குறைந்திருப்பின் அவரே கேட்டு எழுதுவார். இக்காலத்தில் உறையை முதலிற் பிரிப்பது கணினி நிரல். நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று வெறுமையாயிருப்பின் அது தடுத்து நிறுத்தும். நிரப்பியது பொருந்துமா என்பதை அஃது அறியாது.

இத்தகைய நிரல்கள் பலவுள. எடிட்டோரியல் மேனேஜர், ஸ்காலர்ஒன் என்பன பெரும் பதிப்பகங்கள் பல கையாள்வன. கனடா நாட்டில் ஜான் வில்லின்ஸ்கி என்னும் பேராசிரியர் 1998-இல் தொடங்கிய பொது அறிவுத் திட்டத்தினின்று எழுந்த ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்பதை யாரும் விலையின்றிப் பயன்படுத்தலாம்; தமிழாய்வு இதழ்கள் சிலவும் அதன் வழியே நடைபெறுகின்றன. முன்னைய வகையில், நாம் தனித்தனியே ஏற்றும் தலைப்புப் பக்கம், கட்டுரை, படங்கள், அட்டவணைகள் ஆகிய கோப்புகளை நிரல் தானே ஒருங்கு தைத்து ஒரே பி.டி.எஃப். படியாக ஆக்குகிறது. பதிப்பாசிரியரும் மதிப்பீட்டாளரும் பெரும்பாலும் படிப்பது அத்தைத்த படியையே. நம் மேசையிலுள்ள அழகிய கோப்பையன்று. இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும். ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸோ தைப்பதில்லை. ஏற்றிய கோப்பையே ஏற்றியவாறு வைத்துக்கொள்கிறது. அங்கே கோப்பிலுள்ள வழு வழுவாகவே போய்ச் சேரும்.

ஒவ்வொரு கோப்பையும் ஏற்றும்போது, இஃது எவ்வகைக் கோப்பு என்று நிரல் வினவும். இதனை அற்பமென்று கருதற்க. பல இதழ்களில் ஆசிரியர் பெயரை மதிப்பீட்டாளர் அறியார். மதிப்பீட்டாளர் பெயரை ஆசிரியர் அறியார். ஆகவே பெயர், கல்லூரி, நன்றியுரை முதலியவற்றைத் தலைப்புப் பக்கம் என்னும் தனிக் கோப்பில் வைத்து, அவ்வகைப் பெயரையே அதற்குச் சூட்டல் வேண்டும். அதனைக் கட்டுரை என்று தவறாகக் குறித்தால், நிரல் அதனையும் தைத்து மதிப்பீட்டாளர்க்கு அனுப்பிவிடக்கூடும்.

பெயர் மறைத்தலில் இன்னும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. வேர்டு கோப்பு ஒவ்வொன்றும், பக்கத்தில் தோன்றாத தன் பண்புக் குறிப்பில், அதனை எழுதிய கணினிக்கு உரியவர் பெயரைத் தாங்கி நிற்கும். வழிகாட்டியார் ஓரத்தில் இட்ட திருத்தக் குறிப்புகளிலும் அவர் பெயர் ஒட்டியிருக்கும். அந்நிரலிலேயே ஆவணத்தைச் சோதிக்கும் வசதி உண்டு. மூலக்கோப்பைத் தனியே பேணிவைத்து, அதன் படியொன்றில் இச்சோதனையை நடத்திப் பெயர்களை அகற்றுதல் நன்று. கோப்பின் பெயரையும் மறத்தலாகாது. தலைப்புப் பக்கத்தை அரும்பாடுபட்டுப் பிரித்தெடுத்து, பிறகு கட்டுரைக் கோப்புக்குத் தம் பெயரையும் 'இறுதிப்படி மூன்று' என்பதையும் சேர்த்து இட்டு ஏற்றியவர்களை யாம் அறிவோம். யாமே ஒருமுறை அது செய்தோம். நடையிலும் கவனம் வேண்டும்: எமது முந்தைய கட்டுரையிற் கூறியவாறு என்று எழுதி அடிக்குறிப்பில் அக்கட்டுரையைச் சுட்டினால், மறைத்த பெயர் வெளிப்பட்டுவிடும். பெயர் தெரிந்தால் என்ன கேடு என வினவலாம். பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தாரது கட்டுரைக்கும் சிற்றூர்க் கல்லூரியிலிருந்து வரும் கட்டுரைக்கும் ஒரே துலாக்கோல் கிடைக்க வேண்டுமென்றே இவ்வேற்பாடு அமைந்தது. இதனால் மிகவும் பயன்பெறுவோர் நம்மனோரேயாவர்.

தமிழிற் கட்டுரை எழுதுவோர்க்கு உரிய தனி இடர் எழுத்துருப் பற்றியது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில், தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் அமர்த்தப்பட்டுள்ளன. அவ்வெழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கணினியின் நினைவில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளின் வரிசையே. அவ்வெழுத்துரு இல்லாத இதழாசிரியரது கணினியில் கட்டுரை முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். பி.டி.எஃப். ஆக்கி எழுத்துருவை உட்பொதித்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியுமெனினும், தேடுபொறியும் ஒப்புமை காணும் நிரலும் உள்ளிருக்கும் குறிகளையே படிக்குமாதலின், கட்டுரை வெளிவந்த பின்னும் எவர் தேடினும் அகப்படாது. இதற்கு மருந்து ஒருங்குறி. அதன் 1991-ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் வகுக்கப்பட்டது. 2010-இல் தமிழக அரசும் அதனைத் தரமாக ஏற்றது. பழைய எழுத்துருவில் எழுதியதை மாற்றித்தரும் கருவிகள் உள்ளனவாயினும், மாற்றியபின் ஒருமுறை வரிவரியாகப் படித்தல் இன்றியமையாதது.

படங்களைக் குறித்து அதிகம் கூற வேண்டுவதில்லை. நிழற்படத்திற்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது பெருவழக்கு. அச்சில் மூன்றரை அங்குல அகலம் பெறும் படத்திற்கு 1,050 புள்ளிகள் வேண்டுமென்பது எளிய கணக்கு. வாட்ஸப்பில் நண்பர் அனுப்பிய படத்தை எடுத்து ஒட்டாதீர்கள். அது வழியிலேயே சுருக்கப்பட்டிருக்கும்.

நிற்க. துணைக்கோப்பாக ஏற்றும் எக்ஸெல் அட்டவணைகள்பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். செப்ட்2, மார்ச்1 என மரபணுக்கள் சிலவற்றிற்கு ஆங்கிலக் குறியீடுகள் இருந்தன. எக்ஸெல் அவற்றைத் தேதிகள் எனக் கொண்டு, செப்டம்பர் 2, மார்ச் 1 எனத் தானே திருத்திவிடும். மரபணுப் பட்டியலை எக்ஸெல் துணைக்கோப்பாகக் கொண்ட கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய வழு இருந்ததென 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அறிஞர்கள் பதிப்பித்த கட்டுரைகளாயிருந்தும், பதிவேற்றுமுன் அக்கோப்பை ஒருவரும் திறந்து வாசிக்கவில்லை போலும்! இறுதியில், 2020-இல், மரபணுக்களின் பெயரையே மாற்றும்படி ஆயிற்று.

இனி ஒப்புதல். கோப்புகள் யாவும் ஏறிய பின்னர், நிரல் படியைத் தைக்கச் சில நிமிடங்கள் கொள்ளும். பலர் இவ்விடத்தில் வேலை முடிந்ததென்று கணினியை மூடிவிடுகின்றனர். முதலிற் கூறிய மாணவரும் அங்ஙனமே செய்தார். முடியவில்லை. தைத்த படியை இறக்கி, முதற் பக்கம் முதல் ஈற்றுப் பக்கம்வரை படித்தல் வேண்டும். படங்கள் எண் முறையில் நிற்கின்றனவா, கணிதக் குறிகள் வெற்றுக் கட்டங்களாய் மாறினவா, லேடெக்ஸில் எழுதியவராயின் மேற்கோள் எண்ணிருக்குமிடத்தில் வினாக்குறி நிற்கின்றதா எனக் காணுக. வழு இருப்பின் அக்கோப்பை நீக்கிப் புதிதாக ஏற்றி மறுபடியும் தைக்கச் செய்யலாம். ஒப்புதல் அளிக்குமளவும் எத்தனை முறையேனும் திருத்தத் தடையில்லை. அளித்த பின்னரோ, இதழாசிரியர் திருப்பி அனுப்பினாலன்றி, கை வைக்க இயலாது.

ஒப்புதல் சென்றதும், கட்டுரை எண்ணைத் தாங்கிய மடல் ஒன்று வழக்கமாக வரும். சில இதழ்கள் அதற்கு முன்னரே ஓர் எண் தருவதுண்டாகலின், எண் கண்டவுடன் அமைதியுறாமல், கட்டுரையின் நிலை சமர்ப்பிக்கப்பட்டது என மாறியுள்ளதா என்று கணக்கினுள் நோக்குக. ஒரு நாளிற்குள் மடல் வாராதாயின் தேவையற்ற மடல்கள் சேருமிடத்தையும் தேடுக. உடனாசிரியர்க்கும் தனித்தனியே மடல் சென்று, தாம் ஆசிரியரென உறுதி கூறுமாறு கேட்கும் இதழ்களும் உள. அவர்கட்கு முன்னரே தெரிவித்து வைத்தல் நலம். சில மாதங்கள் கழித்துத் திருத்தம் கேட்டுக் கட்டுரை மீண்டு வந்தால், அதே எண்ணின்கீழ், திருத்தம் என்னும் வாயில் வழியாகவே ஏற்றல் வேண்டும். புதுக் கட்டுரையென ஏற்றினால் அது வேறோர் எண் பெற்று, முதலில் மதிப்பிட்டவர் இன்னாரென்ற தொடர்பே அற்று, மறுபடியும் வரிசையின் கடைசியில் நிற்கும்.