கடுக்காயின் பிணைப்பும் காயத்தின் கொலாஜனும்

கல்வராயன் மலையில் பழங்குடி மக்கள் சேகரிக்கும் வனப்பொருள்களில் ஒன்று கடுக்காய். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அதே காயை ஆவாரம்பட்டையோடு சேர்த்துத் தோல் பதனிடுவது தமிழகத்தின் பழைய தொழில்முறை. வேலையைச் செய்வது அதன் துவர்ப்பு. துவர்ப்பைத் தரும் டானின், தோலிலுள்ள கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அதன்பின் தோல் அழுகாது.

நம் உடலின் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான். அது மூன்று சரடு முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆய்வுக்குக் கைகொடுத்தது கங்காருவின் வால் தசைநாண்!

கரும்பு வெட்டும்போது அரிவாள் பட்டுக் கால் ஆழமாகக் கிழிகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்தோல் செல்கள் வழக்கமாக ஓர் அடிச்சவ்வின் மேல்தான் இருக்கும். அதற்குக் கீழுள்ள முதல் வகைக் கொலாஜனைத் தொடுவதில்லை. சவ்வு கிழிந்ததும் காயத்தின் விளிம்பிலுள்ள செல் அந்தக் கொலாஜனைத் தொட்டு, இன்டெக்ரின் என்ற புரதத்தால் பற்றிக்கொள்கிறது. உடனே கொலாஜனேஸ் நொதியைச் சுரக்கிறது. பற்றிய இழையை அறுத்தால்தானே அடுத்த இடத்துக்கு நகர முடியும்? இப்படிப் பிடித்தும் அறுத்தும் ஊர்ந்துதான் செல்கள் புண்ணை மூடுகின்றன. அடியில் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் இழைகளை இழுத்துச் சுருக்கி, புதிய கொலாஜனை உண்டாக்குகின்றன.

மாட்டுக் கொலாஜனில் செய்த மெல்லிய தாளைப் புண்மேல் ஒட்டுவது இந்தச் செல்களுக்கு ஊன்றிக்கொள்ள இடம் தருவதற்காக. மாட்டுக் கொலாஜனும் சுறாவின் குருத்தெலும்புப் பொருளும் சேர்ந்த செயற்கைத் தோலை 10 தீக்காய நோயாளிகளுக்குப் பொருத்திய முடிவுகளை ஜான் பர்க்கும் அயோனிஸ் யானஸும் 1981இல் வெளியிட்டார்கள்.

இந்தத் தாளில் சூட்சுமம் கொலாஜன் இழைகளுக்கிடையிலான பிணைப்பின் அளவு. பிணைப்பு குறைந்தால் நொதி தாளைச் சீக்கிரமே கரைத்துவிடும். மிஞ்சினால் அது செருப்புத் தோலாகிவிடும். எந்தச் செல்லாலும் அறுக்க முடியாது. செல்லின் வேகத்துக்கு ஈடாகக் கரையும் தாளைத்தான் ஆய்வுக்கூடங்கள் தேடுகின்றன. தாவர டானின்களையும் பிணைப்புப் பொருளாகச் சோதிக்கிறார்கள். கடுக்காய் மரத்தின் இலைச்சாறு எலிகளின் காயத்தை விரைவாக மூடியதாக அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002இல் எழுதினார்கள். எலியில் கண்டதை நம்பி, ஆழமான புண்ணில் கடுக்காய்ப் பொடியைத் தூவிவிடக் கூடாது.

சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் சிக்கல் வேறு. அங்கே நொதிகள் அளவுக்கு மீறிச் சுரந்து, உடல் புதிதாகக் கட்டுவதையும் அழிக்கின்றன. கொலாஜன் தாள் அவற்றுக்குத் தானே இரையாகி, வளரும் திசுவை ஓரளவு காக்கிறது. ஆனால் செத்த சதையை நீக்காமல், ரத்த ஓட்டமும் சர்க்கரை அளவும் சீராகாமல் எந்தத் தாளும் பலிக்காது. மரத்துப்போன பாதத்தில் வலியும் தெரியாது. கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு இறங்கி வருவதற்குள் புண் எலும்புவரை போயிருக்கலாம். மலையிலுள்ள சுகாதார நிலையங்களிலேயே சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும்.